நல்லாத்தான்க்கா இருக்கேன்

அண்ணாச்சி, அதை இன்னொரு தடவை சொல்லுங்களேன். இப்போது சிஸ்டரிடம் கேட்டீர்களே, "எப்பம்மா வெளிய விடுவாங்க" என்று. அதே மாதிரி, அதே சத்தத்தில். ஆ, இதேதான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது. அடிவயிற்றிலிருந்து வருகிற குரல். எனக்கு எல்லாக் குரலும் வரும், அந்தக் கனம் மட்டும் வராது. டாக்டராக ஆரம்பித்து டாக்டருடைய பெண்சாதியாக முடிந்துவிடும்.

உங்களிடம் ஒரு உதவி. ஒரு போன் பேசித் தர வேண்டும். இரண்டே நிமிஷம். என்ன பேச வேண்டும் என்பதை இந்தத் துண்டுச் சீட்டில் எழுதியே வைத்திருக்கிறேன். விஷயம் தெரியாமல் நான் ஏன் பேச வேண்டும் என்று பார்க்கிறீர்கள். நியாயம்தான். சொல்லிவிடுகிறேன். எப்படியும் நம் இரண்டு பேருக்கும் இந்த பெஞ்சை விட்டால் போக இடமில்லை.

உங்கள் வீட்டு அக்காவுக்கும் தைராய்டுதானே? அயோடின் மருந்து குடிக்க உள்ளே போயிருக்கிறார்களா? இன்றைக்குத்தானா? அதுதான் கதவையே பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். ஈயம் வைத்த கதவு, அதனால்தான் அவ்வளவு கனம். குடித்த மருந்து உடம்புக்குள்ளிருந்து கதிர் விடுமாம். அது குறைகிற வரைக்கும் யாரும் பக்கத்தில் போகக்கூடாது. சாப்பாட்டை வாசலோடு வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். பேச வேண்டுமென்றால் சிஸ்டர் மேஜையில் இருக்கிறதே, அந்த ஸ்பீக்கர் பெட்டி. அக்காவுக்குப் புளிப்பு மிட்டாய் வாங்கிக் கொடுத்தீர்களா? எச்சில் ஊற வேண்டும் என்று நாளைக்குச் சப்பச் சொல்வார்கள். கீழே கடையில் இருக்கிறது. எங்கள் அம்மா மூன்றாம் நம்பர் அறை. நேற்றுக் குடித்தாள்.

நான் இசக்கிப்பிரியா. ஊர் ஆறுமுகநேரி. பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது, அதை மட்டும் கேட்காதீர்கள். பத்தாவது படிக்கும்போது எங்கள் எச்.எம். குரலில் மைக்கைப் பிடித்து, "மாணவிகளே, கனமழை காரணமாக" என்று அரை நாள் லீவு விட்டது நான்தான். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டு இருந்தது. டீச்சர்களே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். குரலுக்கு அவ்வளவு மரியாதை, அண்ணாச்சி. வானத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

அம்மா பெயர் சண்முகக்கனி. உப்புக் கம்பெனியில் பாக்கெட் போடுகிற இடத்தில் மேற்பார்வை. உப்பில் அயோடின் தெளிக்கிற மெஷின் அங்கேதான் கடகடவென்று ஓடும். அதற்கு மேலே கத்தி இருபத்தைந்து பொம்பளைகளை வேலை வாங்குகிற தொண்டை. "ஏட்டி, அந்தச் சாக்க இழு!" என்று அம்மா போட்டால் ரோட்டில் போகிற பஸ் டிரைவர் திரும்பிப் பார்ப்பார். எனக்கு முதல் முதலில் வந்த குரலே அதுதான். நாலு வயதில் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பக்கத்து வீட்டுப் பிள்ளையை, "ஏட்டி, சாக்க இழு" என்றேனாம்.

தை மாசம் கழுத்தில் ஒரு கட்டி. ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் கூப்பிட்டு உட்காரவைத்தார். இப்போது நான் அவர் மாதிரிப் பேசுவதில் கனம் இருக்காது, மன்னித்துக்கொள்ளுங்கள். "பயப்படாதம்மா. கேன்சர்லயே இதுதான் நல்ல கேன்சர். ஆண்டவன்கிட்ட நாமளே ஒண்ணக் கேட்டு வாங்கணும்னா இதத்தான் கேக்கணும்." அப்பாவுக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துவிட்டது. அப்பா லாரி ஓட்டுகிறார், உப்பு ஏற்றிக்கொண்டு கல்கத்தா பக்கம் போனால் இருபது நாள் ஆகும். "நல்ல கேன்சர்தானளா, டாக்டரே சொல்லிட்டாரு" என்று சொல்லிவிட்டு ஆபரேஷன் முடிந்த அஞ்சாம் நாள் வண்டி எடுத்தார். கம்பெனியிலும் அதேதான். "கனியக்காவுக்கு ஒண்ணுமில்லையாம், நல்லதாம்." ஆப்பிள் வாங்கி வந்தவர்கள்கூட அதைக் கேட்டதும் பத்து நிமிஷத்தில் எழுந்துவிட்டார்கள். நானும்தான் சொன்னேன். நீங்களும் அக்காவிடம் சொல்லியிருப்பீர்கள். சொன்னீர்களா? எல்லோரும்தான் சொல்கிறோம்.

ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்குக் குரல் போய்விட்டது. மொத்தமாக இல்லை. சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒன்று மிச்சம் இருந்தது. குரல் நரம்பு அசந்துபோயிருக்கிறது, ஆறு மாசம் பார்ப்போம் என்றார் டாக்டர். இரண்டு வாரம் கழித்து அம்மா கம்பெனிக்குப் போனாள். மெஷின் ஓடுகிறது, இவள் வாயை அசைக்கிறாள், ஒருத்திக்கும் கேட்கவில்லை. மேனேஜர் நல்ல மனுஷர். பி.டி. வாத்தியார் ஊதுகிற மாதிரி ஒரு விசில் வாங்கிக் கொடுத்தார். "இத ஊதிக்கோ கனி." ஒரு ஊதல் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் இழு. தையல் போட்ட தழும்புக்கு மேலே அந்த விசில் தொங்கும். வீட்டிலும் என்னைக் கூப்பிட அதுதான். நான் ஒரு ரயில் மாதிரி ஓடி வருவேன். சிரிப்பாகத்தான் இருந்தது.

இனி பெரியம்மா கதை. அம்மாவுக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு அக்கா, செல்லக்கனி. பம்பாயில் தாராவியில் இட்லிக் கடை. வாரத்துக்கு மூன்று நாள் போன் வரும். ஆபரேஷனை அம்மா அவளிடம் சொல்லவில்லை. "சொன்னா அழுதே கடைய மூடிருவா, எடுத்த பெறகு சொல்லிக்கிடலாம்" என்று விட்டுவிட்டாள். எடுத்த பிறகு சொல்லக் குரல் இல்லை. எட்டாம் நாள் போன் அடிக்கிறது. அம்மா போனைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். நான் எடுத்து அம்மா குரலில், "சொல்லுக்கா" என்றேன். விளையாட்டுக்குத்தான்.

"ஏளா கனி, என்னளா ஒரு வாரமா போனையே எடுக்கல?"

"தொண்டைல சின்னதா ஒரு கட்டி இருந்துச்சுக்கா. எடுத்தாச்சு. நல்லாத்தான்க்கா இருக்கேன். மாமா எப்படி இருக்காவ?"

அம்மா சிரித்தாள், அண்ணாச்சி. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சிரிப்பு. சத்தம் இல்லை. தையலைக் கையால் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, தோள் குலுங்கச் சிரித்தாள். அதைப் பார்த்த பிறகு எப்படி விடுவது?

வீடியோ கால் போட்டிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். பெரியம்மாவிடம் பட்டன் போன்தான்.

அதற்குப் பிறகு எல்லாப் போனும் நான்தான். போனில் நான் பேசும் அம்மா நாளுக்கு நாள் நன்றாகிக்கொண்டே போனாள். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனாள். நூறு முறுக்கு சுட்டாள். "முன்னைக்கு இப்ப உன் குரல் கணீர்னு இருக்குளா" என்று பெரியம்மாவே சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. யாருக்காவது இப்படி ஒரு பாராட்டுக் கிடைக்குமா? அசலைவிட நன்றாக இருக்கிறது என்கிறாள்!

வீட்டில் இருந்த அம்மா வேறு மாதிரி. காலையில் எழுந்ததும் காபி குடித்தால்தான் அவளுக்குப் பொழுது விடியும். வெறும் வயிற்றில் மாத்திரை, அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் காபி கூடாது என்று ஆகிவிட்டது. அடுக்களையில் கடிகாரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்பாள், கால்சியம் குறைச்சல். அப்புறம் இந்த அயோடின் மருந்துக்காக அந்தத் தைராய்டு மாத்திரையையும் ஒரு மாசம் நிறுத்தச் சொன்னார்கள். உங்கள் வீட்டிலும் நிறுத்தினார்களா? அப்படியென்றால் நான் சொல்லவே வேண்டாம். சித்திரை வெயிலில் போர்வை. முகம் அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. சீப்பு நிறைய முடி. குளிக்கப் போனவள் வாளியைப் பார்த்துக்கொண்டே நிற்பாள், எதற்கு வந்தோம் என்று மறந்து. உப்பில் வேறு கட்டுப்பாடு. இருபது வருஷம் ஊர் உலகத்துக்கு எல்லாம் அயோடின் போட்டு அனுப்பியவளுக்கு இரண்டு வாரம் அயோடின் உப்பு ஆகாது. பால் ஆகாது, முட்டை ஆகாது, மீன் ஆகாது. தெளிக்காத உப்பைத் தனியாக ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு, கஞ்சியை ஒரு கரண்டி குடித்துவிட்டு அடுத்த கரண்டிக்கு யோசிப்பாள்.

ஒரு நாள் பெரியம்மா போன் வருகிற நேரம். அம்மா என் கையைப் பிடித்தாள். காதுக்குப் பக்கத்தில் வந்து, "ஏட்டி, இன்னிக்கு அவகிட்ட முடியலன்னு சொல்லு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரி என்றேன். போன் வந்தது. "சொல்லுக்கா" வந்தது. "முடியலக்கா" வரவில்லை. வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது. ஏன் என்று அப்புறம் யோசித்தேன். மிமிக்ரி என்றால் காதில் விழுந்ததைத் திருப்பிக் கொடுப்பதுதானே? அம்மா அந்தக் குரலில் முடியல என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. என் பதினேழு வயதுக்குள் ஒரு தடவைகூட இல்லை. கேட்காததை எப்படிச் செய்வது? "என்னளா சத்தமே காணும்?" என்று பெரியம்மா கேட்டதும், "நல்லாத்தான்க்கா இருக்கேன்" என்று வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அம்மா கையை எடுத்துக்கொண்டாள்.

எனக்கும் அலுப்பு தட்டத் தொடங்கியிருந்தது, அண்ணாச்சி. மூன்று மாசமாக இரண்டு பேருக்குப் பேசுகிறேன். அந்த அம்மாவுக்குக் களைப்பே கிடையாது. முறுக்கு சுட்டுச் சுட்டு எனக்குத் தாடை வலித்தது.

அடுத்த வாரம் நான் தண்ணீர்க் குடம் எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். தானே பெரியம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். அந்தக் காற்றுக் குரலில், "யக்கா, நாந்தான், கனி" என்கிறாள். பெரியம்மா சத்தம் வாசல் வரை கேட்கிறது.

"எவளா நீ? என் தங்கச்சி குரல் எனக்குத் தெரியாதா? முந்தாநாள்தான அவகிட்ட பேசினேன். இப்படித்தான் இங்க ஒருத்தன் மவன் மாதிரி பேசி பணத்தப் புடுங்கிட்டான். போன வையிளா நாதாரி!"

அம்மா மறுபடியும், "யக்கா" என்றாள். அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

நான் குடத்தோடு நிற்கிறேன். உடனே போன் திரும்ப அடித்தது. பெரியம்மாதான். அம்மா கொடுத்தாளா, நான் பிடுங்கினேனா, தெரியவில்லை. எடுத்துவிட்டேன். "ஏளா கனி! உன் நம்பர்ல எவளோ கூப்பிடுதா. போனக் களவு குடுத்திட்டியா?" என்று பதறுகிறாள். அவள் பதறியதும் எனக்குப் பதற்றம். "இல்லக்கா, எவனோ ஏமாத்துக்காரப் பய. நம்பர மாத்திப் போட்டுக் கூப்பிடுதானுவளாம். நான் நல்லாத்தான்க்கா இருக்கேன்" என்றேன்.

அம்மா குரலில்தான். அம்மா முன்னாலேயே.

நான் பெரியம்மாவுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்றுதான் செய்தேன். அவளுக்கு பிரஷர் இருக்கிறது. நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள்.

அன்றிலிருந்து அம்மா என்னிடம் பேசவில்லை. விசில்தான். கால்சியம் மாத்திரை வேண்டுமென்றால் ஒன்று. போர்வை வேண்டுமென்றால் இரண்டு. கோபமா என்று கேட்டேன், தலையை ஆட்டினாள், இல்லை என்றா ஆமாம் என்றா, அதுவும் புரியவில்லை. கோபத்தில் இருக்கிறவர்களை நான் எத்தனை விதமாகச் செய்து காட்டியிருக்கிறேன். இது அதில் எதிலும் சேரவில்லை. முகம் உப்பியிருந்ததால் எனக்குப் படிக்கத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று இந்தக் கதவுக்குள்ளே போகும் முன்னால் போனை என் கையில் கொடுத்தாள். கூடவே ஒரு காகிதம். இதோ, பாருங்கள், அவள் கையெழுத்து. "அக்காவ வரச்சொல்லு. வீட்டுக்கு வந்த பெறகு ரெண்டு வாரம் சின்ன வயசுக்காரங்க என் பக்கத்துல இருக்கக்கூடாதாம். உன்ன சித்தப்பா வீட்டுக்கு அனுப்பச் சொல்லிட்டாங்க. அவ வயசுக்கு தள்ளி இருந்துக்கிட்டா போதுமாம். நான் தனியா இருக்க மாட்டேன்."

கடைசி வரியைப் படித்தீர்களா? இருக்க முடியாது என்று எழுதவில்லை. இருக்க மாட்டேன்.

அப்பா இப்போதும் கல்கத்தா பக்கம்தான். சரி, வேலை சுலபம் என்று இன்று காலையில் பெரியம்மாவைக் கூப்பிட்டேன். என் குரலில், அண்ணாச்சி. என் சொந்தக் குரலில். "பெரியம்மா, நான் இசக்கி பேசுதேன். அம்மாவுக்குக் கேன்சர். குரல் இல்ல. நீங்க வரணும்."

பெரியம்மா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "ஏளா கனி, உன் மவ குசும்பு உனக்கும் ஒட்டிட்டா? அவள மாதிரியே பேசுதியே! விளையாட்டுக்குக்கூட அந்த நோவு பேரச் சொல்லாதளா" என்று இட்லி எடுக்கப் போய்விட்டாள். மறுபடியும் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

என் குரலே செல்லாமல் போய்விட்டது, பாருங்கள். இனி அவள் நம்புகிற மாதிரி ஒரே ஒரு குரல்தான் இருக்கிறது. டாக்டர் குரல். அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். சீட்டில் எழுதியிருக்கிறேன். "வணக்கம்மா. மதுரையிலருந்து டாக்டர் பேசுறேன். உங்க தங்கச்சி சண்முகக்கனி எங்க ஆஸ்பத்திரியில இருக்காங்க." அவ்வளவுதான். நடுவில் ஒரு தடவை செருமிக்கொண்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

ஏன் தலையை ஆட்டுகிறீர்கள்? பொய்யா? எந்த வரி பொய், காட்டுங்கள். டாக்டர் என்கிற ஒரு சொல்தான் பொய். மற்றதெல்லாம் நிஜம். முன்னே நான் பேசினதில் குரல் மட்டும் நிஜம், மற்றதெல்லாம் பொய். இது அதைவிட மேல் இல்லையா?

இருங்கள். சிஸ்டர் கூப்பிடுகிறார்கள். மூன்றாம் நம்பரா? வாரேன் சிஸ்டர். அண்ணாச்சி, நீங்களும் வாங்களேன், உங்கள் வீட்டு அக்காவிடமும் இதில்தான் பேச வேண்டியிருக்கும். இந்த பட்டனை அழுத்திக்கொண்டே பேச வேண்டும், விட்டால் அவர்கள் பேசுவது கேட்கும். அம்மா, இசக்கி வந்துட்டேன். புளிப்பு மிட்டாய் தீந்துட்டா?

விசில் ஊதுவாள் பாருங்கள். அதையும் உள்ளே எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

ஐயையோ. போன். பெரியம்மா நம்பர்தான். கடையில் கூட்டம் குறைந்திருக்கும். அண்ணாச்சி, பிடியுங்கள், சீட்டைப் பாருங்கள், "வணக்கம்மா" என்று ஆரம்பியுங்கள். அண்ணாச்சி. வாங்க மாட்டீர்களா? நின்றுவிடப் போகிறது.

என்னம்மா? ஆமா, பெரியம்மாதான். ரிங்கு உள்ள கேக்குதா?

கேட்டீர்களா அண்ணாச்சி? பேசுகிறாள். பத்து நாளைக்குப் பிறகு. "எடுத்து இதுல வையி" என்கிறாள்.

எடுத்து, சத்தமாகப் போட்டு, இந்த ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் வைத்துவிட்டேன். போனும் பெட்டியும் முகத்தோடு முகம், பட்டன் என் விரலில். பெரியம்மா வழக்கம்போலத்தான். "ஏளா கனி, காலைல என்னளா விளையாட்டு அது? எனக்கு நாள் பூரா மனசே சரியில்ல. நல்லா இருக்கியா?"

எனக்கு வாய் வரை வந்துவிட்டது. பழக்கம். கையால் பொத்திக்கொண்டிருக்கிறேன், பாருங்கள்.

"யக்கா." அம்மாதான். "முடியலக்கா."

அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும். வைத்துவிடாதே பெரியம்மா.

"முடியலக்கா. நீ வா."

இப்படித்தான் இருக்குமா அது? அடித்தொண்டையில் உப்புச்சாக்கை இழுக்கிற மாதிரி. நான் இதை நினைத்தே பார்க்கவில்லை.

"இசக்கி," என்கிறாள் பெரியம்மா. என்னைத்தான் கூப்பிடுகிறாள். "இசக்கி, அங்கதான நிக்க? உண்மையச் சொல்லுட்டி. முன்ன பேசினதெல்லாம் யாரு?"

நான்தான், பெரியம்மா.

திட்டவில்லை, அண்ணாச்சி. திட்டுவாள் என்று நின்றேன். "நீ பேசாத" என்றாள், அவ்வளவுதான். "நீ ஒண்ணும் பேசாத. அவ பேசட்டும்."

அந்தச் சீட்டைக் கொடுங்கள், கிழித்துப் போடுகிறேன். வேண்டாம், சத்தம் வரும். அப்புறம் கிழிக்கலாம். நீங்களும் கொஞ்சம் செருமாமல் இருங்கள். சத்தம் ரொம்பக் குறைச்சலாக வருகிறது. எங்கள் அம்மா பேசுகிறாள்.